ரியோகானில் ஓர் இரவு: அத்தைக்கும் ஒத்துவர வேண்டும்

கேள்வி: மே முதல் வாரம் நான், கணவர், எட்டு வயது மகன், மாமியார் நால்வரும் ஜப்பான் போகிறோம். டோக்கியோவுக்கும் கியோத்தோவுக்கும் நடுவில் ஒரே ஓர் இரவு, வெந்நீர் ஊற்று உள்ள பழைய பாணி விடுதியில், அதாவது ரியோகானில், தங்க ஆசை. அத்தைக்கு 66 வயது. முழங்கால் வலி உண்டு, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். முழங்கையில் பச்சை குத்தியிருக்கிறார். பச்சை இருந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்கிறார்களே? எனக்கோ நாலு பேர் முன்னால் துணியில்லாமல் குளிக்க வரவே வராது. படத்தில் பார்த்தால் எல்லா விடுதியும் ஒரே மாதிரி அழகாக இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் தேதியை மாற்ற முடியுமா பாருங்கள். ஏப்ரல் 29, மே 3, 4, 5 எல்லாம் ஜப்பானில் அரசு விடுமுறை. அந்த ஒரு வாரம் நாடே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ரியோகான் விலை ஏறும், நல்ல அறைகள் பல மாதம் முன்பே போய்விடும். மே 7க்குப் பிறகு, ஞாயிறு முதல் வியாழன் வரையிலான ஓர் இரவாகப் பிடித்தால் அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும். சனிக்கிழமை இரவுக்கு எப்போதுமே தனி விலைதான்.

விலையைப் பார்க்கும்போது ஒரு விஷயம். ரியோகானில் வாடகை அறைக்கு இல்லை, ஆளுக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் சேர்த்தி. ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை என்று கணக்குப் போடுங்கள். அறையிலேயே ஊற்றுத் தண்ணீர்த் தொட்டி வேண்டுமென்றால் அதற்கும் மேலே போகும். பையனுக்கு என்ன சாப்பாடு, தனிப் படுக்கை உண்டா என்பதைப் பொறுத்துப் பெரியவர் கட்டணத்தில் 70 அல்லது 50 சதவீதம் கேட்பது பொதுவான வழக்கம்.

இனி தேர்வுக்கு வருவோம். உங்கள் குடும்பத்துக்கு முதல் கேள்வி சாப்பாடு, இரண்டாவது தனிக் குளியல், மூன்றாவது படிக்கட்டு. தண்ணீரின் தரம் நாலாவதுதான். வெந்நீர் ஊற்றுப் பித்தர்கள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சாப்பாட்டை முதலில் வைக்கக் காரணம் தாஷி. ஜப்பானியச் சமையலில் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சாறு அது. நம் கடற்கரையில் மாசிக் கருவாடு செய்யும் அதே சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போல உலர்த்தி, இழைப்புளியில் சீவுவது போலச் சீவி, வெந்நீரில் போட்டு இறுத்தெடுப்பார்கள். மிசோ சூப், வேகவைத்த பூசணி, கீரை, டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா நூடுல்ஸ் எதிலும் அது இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் இடமும் உண்டு: சூடான பதார்த்தத்தின் மேல் அந்தச் சீவலைத் தூவினால் ஆவியில் உயிருள்ளது போல நெளியும். அத்தை தட்டையே தள்ளிவிடுவார்.

‘நாங்கள் வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால், தட்டில் இறைச்சித் துண்டு இருக்காது. மீன் சாறு இருக்கும். அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், பலருக்கு அந்தச் சொல்லின் பொருள் அவ்வளவுதான். ஆகவே பொருளைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்: “நால்வரில் ஒருவர் இறைச்சி, மீன், நண்டு, இறால், சிப்பி, முட்டை சாப்பிடமாட்டார். மீனில் எடுத்த தாஷியும் ஆகாது. கொம்பு என்ற கடற்பாசியிலோ ஷீத்தாக்கே காளானிலோ எடுத்த தாஷி சரி. பால் சரி.” இதை ஜப்பானிய மொழியில் மாற்றி, முன்பதிவு செய்வதற்கு முன்பே அனுப்புங்கள். பதிவு செய்துவிட்டு நேரில் போய்ச் சொன்னால் வேலைக்கு ஆகாது. கைசெக்கி என்ற அந்த இரவு விருந்துக்குச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எட்டு, பத்து வகை வரும். அதற்கான சாமான் நாள் கணக்கில் முன்பே வாங்கப்பட்டிருக்கும்.

சில விடுதிகள் ‘ஷோஜின்’ முறையில் சமைத்துத் தருவோம் என்று பதில் எழுதும். பௌத்த மடங்களின் சைவச் சமையல் அது. வெங்காயம், பூண்டு கூடச் சேராது. அப்படிப் பதில் வந்தால் அந்த விடுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பல விடுதிகள் ‘மீன் சாற்றைத் தவிர்க்க முடியாது’ என்று நேராகச் சொல்லிவிடும். அது நேர்மையான பதில், மன்றாட வேண்டாம். அப்படியானால் ‘சுதோமாரி’ என்று கேளுங்கள், சாப்பாடு இல்லாமல் அறை மட்டும். காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த ஏற்பாடும் உண்டு. ஆனால் காலைத் தட்டிலும் சுட்ட மீன், முட்டைச் சுருள், மிசோ சூப்தான் பிரதானம். அத்தைக்கு மிஞ்சுவது சோறும் ஊறுகாயும்தான்.

சுதோமாரி எடுத்தால் இன்னொரு சிக்கல் வரும். மலையோர ஊற்று ஊர்களில் மாலையானால் கடைகள் அடைபடும். எட்டு மணிக்குச் சாப்பாடு தேடிப் போனால் மூடிய கதவுகள்தான். வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற வகை உப்புமா, அவல் பாக்கெட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள்; அறையில் தேநீருக்கான மின்கெட்டில் அநேகமாக இருக்கும். வெளிச் சாப்பாட்டை அறையில் சாப்பிடலாமா என்பதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். சின்ன அடுப்பைப் பெட்டியில் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், தரையோ கோரைப்பாய்.

குளியலுக்கு வருவோம். பொதுக்குளம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி, எல்லாரும் துணியில்லாமல்தான். நீச்சலுடை கூடாது. கையகலத் துண்டு ஒன்று உண்டு, ஆனால் அதையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. தலையில் மடித்து வைத்துக்கொள்வார்கள். பச்சை விஷயமும் நீங்கள் கேள்விப்பட்டது நிஜம். அங்கே பச்சையைக் குற்றக்கும்பல்களோடு சேர்த்துப் பார்த்த பழைய வழக்கத்தில் இன்றும் பல குளங்கள் அனுமதிப்பதில்லை. அத்தையின் பச்சைக்கும் அதே விதிதான். சின்னதென்றால் தோல் நிற ஒட்டுப்பட்டையால் மறைத்தால் போதும் என்று சில இடங்களில் விடுவார்கள்.

உங்கள் கூச்சம், அத்தையின் பச்சை இரண்டுக்கும் ஒரே மருந்து தனிக் குளியல். அது இரண்டு வகை. ஒன்று ‘கஷிகிரி’: விடுதியின் ஒரு சிறு குளத்தை 40 முதல் 60 நிமிடம் வரை உங்களுக்கு மட்டும் தருவார்கள், உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் தனிக் கட்டணம். பல விடுதிகளில் வந்து சேர்ந்தவுடன்தான் நேரம் குறித்துத் தருவார்கள், முந்தியவர்களுக்கே நல்ல நேரம். இன்னொன்று அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி. இதில்தான் ஏமாறுவார்கள். படத்தில் மரத்தொட்டி, மலைக் காட்சி எல்லாம் இருக்கும், குழாயில் வருவதோ சாதாரண வெந்நீராக இருக்கும். “அறைத் தொட்டியில் வருவது ஊற்றுத் தண்ணீர்தானா?” என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

பொதுக்குளத்தையும் ஒருமுறை பார்க்கலாம் என்று உங்களுக்கே தோன்றினால், மற்றவர்கள் சாப்பிடும் நேரமும் விடியற்காலையும்தான் காலியாக இருக்கும். ஒன்று கவனம்: பல விடுதிகளில் இரவோடு இரவாக ஆண், பெண் குளங்களை மாற்றிவிடுவார்கள். நேற்று நுழைந்த அதே வாசல் இன்று காலை ஆண்கள் குளமாக இருக்கும். வாசல் திரையின் நிறத்தை நம்பாமல் ஆண், பெண் என்ற எழுத்தைப் பார்த்து நுழையுங்கள். வரவேற்பில் அந்த இரண்டு எழுத்தையும் எழுதி வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பையன் அப்பாவோடுதான் போக வேண்டும். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளை எதிர்பாலர் குளத்தில் விடுவதில்லை என்ற வழிகாட்டுதல் 2020இல் வந்தது.

முழங்காலுக்கு: பழைய மரக்கட்டட விடுதிகளில் லிஃப்ட் இருக்காது. ஆற்றோரக் குளத்துக்கு ஐம்பது படி இறங்கும்படியும் இருக்கும். தரையில் உட்கார்ந்து சாப்பாடு, தரையில் விரித்த மெத்தையில் தூக்கம். நமக்குப் பழக்கம்தானே என்று தோன்றும். அத்தையின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ‘வாயோஷித்சு’ என்று கேளுங்கள். பாய் விரித்த பகுதியும் கட்டில் போட்ட பகுதியும் சேர்ந்த அறை அது. அவர் கட்டிலில், நீங்கள் மூவரும் பாயில். சாப்பாடு மேசை நாற்காலியில் உண்டா, குளத்துக்கு எத்தனை படி, இறங்கும் இடத்தில் கைப்பிடி உண்டா என்ற மூன்றையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

எந்த ஊர் என்றால், உங்கள் வழிக்கு ஹகோனே. டோக்கியோவிலிருந்து கோதாமா புல்லட் ரயிலில் ஒதவாரா சுமார் 35 நிமிடம். அங்கிருந்து ஹகோனே யுமோதோவுக்கு மலை ரயிலில் கால் மணி நேரம். மறுநாள் அதே ஒதவாராவிலிருந்து கியோத்தோ பக்கம் ரயில் ஏறலாம். ஆனால் ஹகோனே என்பது ஒரே தண்ணீர் இல்லை. மேலே கோரா, செங்கொகுஹாரா பக்கம் ஓவகுதானி எரிமலைப் பள்ளத்திலிருந்து வரும் கந்தகத் தண்ணீர் கொடுக்கும் விடுதிகள் உண்டு. பால் போல இருக்கும், அழுகிய முட்டை வாசம் அடிக்கும். அதில் இறங்கினால் வெள்ளி மெட்டியும் கொலுசும் சில நிமிடத்தில் கறுத்துவிடும். கழற்ற வராத மெட்டியோடு போகிறவர்களுக்குக் கீழே யுமோதோ பக்கம்தான் நல்லது. அங்கே பெரும்பாலும் நிறமும் வாசமும் இல்லாத மென்மையான காரத் தண்ணீர், வயதானவர் தோலுக்கும் இதம். எல்லாரும் சொல்லும் கினோசாகி என்ற ஊற்று ஊரில் அழகே ஏழு பொதுக்குளங்களுக்கு மரச்செருப்போடு நடந்து போவதுதான். முழங்கால் வலியும் கூச்சமும் உள்ள குடும்பத்துக்கு அது வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு போதும்: 2004இல் ஷிராஹோனே என்ற புகழ்பெற்ற ஊரில் வெந்நீரில் குளியல் பொடி கலந்து வெண்மையாக்கியது அம்பலமானது. மறு ஆண்டிலிருந்து தண்ணீர் கலக்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, வடிகட்டிச் சுற்றவிடுகிறார்களா, கிருமிநாசினி போடுகிறார்களா என்று விடுதி எழுதி ஒட்டியாக வேண்டும். உடை மாற்றும் அறைச் சுவரில் இருக்கும். ‘கக்கேநகாஷி’ என்று விளம்பரம் செய்தால், ஊற்றுத் தண்ணீர் தொட்டியில் விழுந்து வழிந்து ஓடிவிடும், திரும்பச் சுற்றாது என்று பொருள். கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்பதற்காகச் சாப்பாடு ஒத்துவரும் விடுதியை விடாதீர்கள்.

அத்தையின் பிரஷருக்காக அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். தொட்டித் தண்ணீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும், நம் வீட்டுக் குளியலைவிடச் சூடு. முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவ வேண்டும். பிறகு தொட்டித் தண்ணீரை மொண்டு காலிலிருந்து மேலே மெதுவாக ஊற்றி உடம்பைப் பழக்கி, அப்புறம் இறங்க வேண்டும். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும், இடுப்பளவு. சடாரென எழுந்தால் தலை சுற்றும். கைப்பிடியைப் பிடித்து எழட்டும். சாப்பிட்ட உடனே இறங்க வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கட்டும்.

அன்று மூன்று, நாலு மணிக்குள் விடுதிக்குப் போய்விடுங்கள். சாப்பாடு ஆறு, ஆறரைக்கு; தாமதமானால் அடுப்பை அணைத்துவிடுவார்கள், காசும் திரும்பாது. நீங்கள் சாப்பிடும்போதே அறையில் மெத்தை விரித்துவிடுவார்கள். மறுநாள் பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். ராத்திரி எட்டுக்குப் போய்ச் சேருவதாக இருந்தால் ரியோகானே வேண்டாம், சாதாரண ஹோட்டல் போதும். பெரிய பெட்டிகளை டோக்கியோ ஹோட்டலிலிருந்தே ‘தக்கியூபின்’ கூரியரில் நேராகக் கியோத்தோ ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள்; மறுநாள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு ராத்திரிக்கு ஒரு தோள்பை போதும், இரவு உடைக்கு யுகாத்தா அவர்களே தருவார்கள். இடப்பக்கத் துணி மேலே வரும்படி கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. கிளம்பும்போது வெந்நீர் வரி என்று ஆளுக்கு 150 யென் போலத் தனியாகக் கேட்டால் அது அரசு வரி, பதற வேண்டாம். டிப்ஸ் தேவையில்லை.

நாலைந்து விடுதிகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பி, பதிலை வைத்தே தேர்ந்தெடுங்கள். கேட்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதும் விடுதி நல்ல விடுதி. ‘அது சற்றுக் கடினம்’ என்று பணிவாக ஒரு வரி வந்தால் முயற்சி செய்வார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் அதற்கு ‘முடியாது’ என்றே பொருள். அடுத்த விடுதியைப் பாருங்கள்.