சுண்டெலிகளின் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அவற்றுக்கு என்ன நன்மை?

தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்விலும் புறத்தேர்வாளர் இதையேதான் கேட்டார். நன்மை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்றேன். அவர் ஏற்கவில்லை. நான் இன்றும் அதே பதிலில்தான் நிற்கிறேன்.

மேற்கு ஐரோப்பிய வீட்டுச் சுண்டெலிக்கு வழக்கமாக 40 குரோமோசோம்கள். எல்லாவற்றிலும் சென்ட்ரோமியர், அதாவது செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் இழைகள் பற்றிக்கொள்ளும் இடம், ஒரு நுனியில் இருக்கும். அந்த நுனிகளில் இரண்டு ஒட்டினால் எண்ணிக்கை குறையும், மரபணுக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் 26. போர்ச்சுகலின் மடெய்ரா தீவில் 22 முதல் 30 வரை, குரோமோசோம் அமைப்பில் வேறுபடும் ஆறு வகைகள், நடுவே செங்குத்தான மலைகள். இத்தனைக்கும் சுண்டெலி அந்தத் தீவுக்கு மனிதர்களோடு வந்து சேர்ந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுதான்.

"பள்ளத்தாக்குக்கு ஒரு வகை என்றால் அது தகவமைப்புதானே?" என்று மடக்கினார் தேர்வாளர். எல்லாமே மனிதரை அண்டி வாழும் ஒரே எலி, எதற்குத் தகவமைந்தது என்று திருப்பிக் கேட்டேன். சிறிய, தனித்துப்போன கூட்டத்தில் ஓர் இணைவு தற்செயலாகவே பரவிவிடலாம். அதைவிட முக்கியமானது தாய் எலியில் நடப்பது. முட்டை உருவாகக் குரோமோசோம்கள் பாதியாகப் பிரியும் குன்றல் பகுப்பில் ஒரு பங்குதான் முட்டையாகிறது, மற்றது வீணாகிறது. வலுவான சென்ட்ரோமியர் உள்ள குரோமோசோம் முட்டைப் பக்கமே அதிகம் தங்கும். ஒட்டிய குரோமோசோமுக்கு அந்த வலு இருந்தால், எலிக்கு எந்த லாபமும் இல்லாமலேயே அது தலைமுறைதோறும் பெருகும். 2014ல் வந்த ஆய்வு ஒன்று இதற்கு நல்ல ஆதாரம் தந்தது. என் தேர்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

உடனே யாரும் சண்டைக்கு வரவேண்டாம், இயற்கைத் தேர்வுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இணைவு மரபணு மறுசேர்க்கையை (தாய் தந்தை வழி மரபணுக்கள் புதிதாகக் கலப்பதை) மாற்றுகிறது, அதனால் சில இடங்களில் நன்மை இருக்கலாம். ஆனால் அதைத் தரவோடு காட்டுவது அப்படிச் சொல்பவரின் வேலை.

அப்புறம் ஒன்று. மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து குரோமோசோம் எண்ணுவது பழைய வேலை என்று இப்போது நிதி தருவதில்லை. எல்லாம் டிஎன்ஏ வரிசை என்கிறார்கள். சென்ட்ரோமியரைச் சுற்றி ஒரே வரிசைதான் திரும்பத் திரும்ப வருகிறது. துண்டு துண்டாகப் படிக்கும் கருவிக்கு எது எதோடு ஒட்டியிருக்கிறது என்றே பிடிபடாது. கண்ணாடித் தகட்டில் அதே இணைவு ஒரே பார்வையில் தெரியும். அந்தத் தகடு தயாரிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆய்வகங்கள்தான் மூடப்படுகின்றன.