படம் கேட்கிற நுட்பத்தை மட்டும் கற்கட்டும்: திருமங்கலத்து அப்பா ஒருவருக்கு

ஐயா, வணக்கம்.

நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். தம்பி விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு. மதுரைப் பக்கத்து விளாச்சேரியில் மண்பொம்மை செய்கிறவர்களைப் பற்றி நான்கு பேர் சேர்ந்து பத்து நிமிடப் படம் ஒன்று எடுக்கிறார்கள். ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எட்டிப் பார்த்தால் அவர்கள் எடுத்த படம் ஓடவில்லை, யாரோ ஒருவர் சாஃப்ட்வேர் பாடம் நடத்தும் வீடியோதான் ஓடுகிறது. ஒன்றரை லட்சத்தில் புதுக் கம்ப்யூட்டர் கேட்கிறார். அடுத்த வருடம் சென்னையில் மூன்று லட்சம் கட்டி வி.எஃப்.எக்ஸ்., அதாவது படக்காட்சிகளில் கம்ப்யூட்டரால் மாயம் சேர்க்கிற வேலைக்கான கோர்ஸ் சேர வேண்டும் என்கிறார். இது படிப்பா, பொழுதுபோக்கா, பணம் போடலாமா என்பது உங்கள் கேள்வி.

படிப்புதான் ஐயா. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கம்ப்யூட்டருக்கோ கோர்ஸுக்கோ இப்போது பணம் போட வேண்டாம். தம்பிக்கும் இதையே சொல்வேன். அவர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

எடிட்டிங், கலர், அனிமேஷன், ஒலி எல்லாவற்றையும் கற்று முடித்துவிட்டு அப்புறம் நல்ல படமாக எடுக்கலாம் என்று தம்பி நினைக்கிறார். நல்ல பிள்ளைகள்தான் இப்படி நினைப்பார்கள், அரைகுறையாகச் செய்ய அவர்களுக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பாடங்களுக்கு முடிவு கிடையாது. ஒரு சாஃப்ட்வேரைப் பழகி முடிப்பதற்குள் அடுத்த பதிப்பு வந்துவிடும். நீங்கள் மளிகைக் கடை வைத்திருக்கிறீர்கள். ஊரில் எது போகிறதோ அதைத்தானே வாங்கி அடுக்குவீர்கள்? கம்பெனிக்காரன் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு வாடிக்கையாளருக்குக் காத்திருக்க மாட்டீர்கள். படம் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறதோ, அந்த இடத்துக்கு வேண்டிய நுட்பத்தை மட்டும் அந்த வாரத்தில் கற்றால் போதும். அதோடு, ஒரு படத்துக்கு ஒரே ஒரு பெரிய புது நுட்பம். மற்றதெல்லாம் கைக்குப் பழகிய வழியிலேயே போகட்டும்.

விளாச்சேரியையே எடுத்துக்கொள்வோம். நவராத்திரிக்கு கொலு பொம்மை, சதுர்த்திக்குப் பிள்ளையார், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று வருடம் முழுவதும் வேலை நடக்கிற ஊர். வேலை நடப்பதோ வீட்டுத் திண்ணையிலும் உள்ளறையிலும், டியூப்லைட் வெளிச்சத்தில். அங்கே செல்போனை அப்படியே பிடித்து எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக ஏறி இறங்கும். பிள்ளைகள் போன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். போனில் கோளாறு இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரிகிற பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்குகிற நேரம்தான் ஷட்டர். போன் தானாகவே அதை 1/60 விநாடி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒத்துவராது. விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிட்டால் பட்டை போய்விடும். இப்படிப் பூட்டுவதற்கு பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. ஐபோனுக்கு 2023-லும் ஆண்ட்ராய்டுக்கு 2024-லும் வந்தது. எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது, அதனால் குழுவில் யார் போனில் ஓடுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷட்டரைப் பற்றி பத்து மணி நேரப் பாடம் கேட்டாலும் நிற்காதது, ஒரு பொம்மைக்காரர் வீட்டு டியூப்லைட் அடியில் மனதில் நின்றுவிடும்.

அடுத்து ஒலி. சின்ன ரெக்கார்டரில் பேச்சைத் தனியாகப் பதிந்து, பிறகு கம்ப்யூட்டரில் படத்தோடு சேர்ப்பார்கள். ஆரம்பத்தில் உதடும் சொல்லும் சரியாக இருக்கும். பேட்டி முடியும்போது ஆள் வாயை மூடிய பிறகும் பேச்சு கேட்கும். சினிமாக்காரர்கள் சிங்க் போய்விட்டது என்பார்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி போன் தன் ஃபிரேம் வேகத்தை லேசாக மாற்றிக்கொண்டே இருப்பது இதற்கு முக்கியமான காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த வீடியோவைப் போட்டு, நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகு எடிட்டிங்குக்குக் கொண்டுபோக வேண்டும். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வைக்க வேண்டும், வீடியோ வேலைக்கு அதுதான் வழக்கம். பேட்டி எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, எல்லோரும் பேசாமல் நின்று, அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொள்ள வேண்டும். வெட்டிய இடங்களை ஒட்டும்போது அந்த ஒரு நிமிடம்தான் காப்பாற்றும்.

கேமரா பிடிக்க வரிசையில் நிற்கிற பிள்ளைகள் நிறைய. மைக் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் குறைவு. தம்பிக்குக் காது நல்ல காது என்றால் ஒலிப் பக்கம் போவதை யோசிக்கச் சொல்லுங்கள். கவனமாகச் செய்கிற ஒலிப்பதிவாளரை யாரும் சும்மா உட்காரவிட மாட்டார்கள்.

பெரிய புது நுட்பம் என்றேனே, இந்தப் படத்துக்கு அது எது? வி.எஃப்.எக்ஸ். மேல் தம்பிக்கு அத்தனை ஆசை இருப்பதால் போட்டோகிராமெட்ரியைச் சொல்வேன். ஒரு பொருளைச் சுற்றி வந்து எழுபது, எண்பது போட்டோ எடுத்து, அவற்றிலிருந்து அந்தப் பொருளின் முப்பரிமாண வடிவத்தைக் கம்ப்யூட்டரில் எழுப்புகிற முறை. ஒவ்வொரு போட்டோவிலும் முந்தைய போட்டோவில் விழுந்த பகுதியில் பாதிக்கு மேலாவது திரும்ப விழ வேண்டும். வெயில் நேராக அடிக்காத, நிழல் விழாத வெளிச்சம் வேண்டும். பளபளப்பான பொருள் என்றால் இது படுத்திவிடும். நாம் நகர நகர மினுமினுப்பும் நகர்வதால் கம்ப்யூட்டர் குழம்பிப்போகும். விளாச்சேரியில் இதற்கு அருமையான வசதி ஒன்று இருக்கிறது: வர்ணம் பூசாத பொம்மை. மினுங்காத மண் மேற்பரப்பு, விரல் பட்ட தடம் வரை பதிவாகும். அப்படி எழுப்பிய பொம்மையை பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் கொண்டுபோய்ச் சுழலவிட்டு, வர்ணம் ஏறுவதை அனிமேஷனாகக் காட்டினால், பேட்டியில் வாயால் சொல்ல முடியாத ஒரு நிமிடம் படத்துக்குக் கிடைக்கும். படத்துக்கு அது தேவைப்படுவதால் கற்கிறார், அதனால் மறக்கவும் மாட்டார்.

பிளெண்டர் இலவசம் என்பதால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்ற லாட்வியா நாட்டுப் படம் பிளெண்டரில் செய்யப்பட்டதுதான். எடிட்டிங்குக்கும் கலருக்கும் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வெளியே எடுக்கலாம், மேலே முத்திரை எதுவும் விழாது. ஆங்கிலத்தில் கேட்டுப் புரிந்துகொள்ளச் சிரமப்பட்டால், மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற இணையப் பாடத் தொகுப்பில் பிளெண்டர், போட்டோ திருத்துகிற கிம்ப், ஒலி திருத்துகிற ஆடாசிட்டி போன்றவற்றுக்குப் பாடங்கள் இருக்கின்றன, பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. காசு கிடையாது.

புதுக் கம்ப்யூட்டர் இல்லாமல் இதெல்லாம் ஓடுமா என்று தம்பி கேட்பார். இப்போதுள்ள லேப்டாப்பில் ரேம் 8 ஜி.பி. என்றால், கூட்டிப் போட உள்ளே இடம் இருந்தால் 16 ஆக்கிக் கொடுங்கள். ஃபுட்டேஜை எடை குறைந்த ப்ராக்ஸி கோப்புகளாக மாற்றி எடிட் செய்து, கடைசியில் மட்டும் அசலை இணைத்து ரெண்டர் போட, அதாவது முழுப் படமாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். இந்தச் சிக்கனம் தெரிந்த பையன் பெரிய ஸ்டூடியோவுக்குப் போனாலும் மதிப்பாகவே இருப்பான். கையில் பணம் இருந்தால் நல்ல காலர் மைக் ஒன்றும், வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டும் வாங்கிக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க் ஒன்று போதாது. எடுத்த அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் போட்டு, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று வேறொரு நண்பன் வீட்டில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டிலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பெரிய செட்டில் டேட்டா பார்த்துக்கொள்கிற வேலைக்கே ஆளாகிவிடுவார், அது ஒரு தனி வேலை.

ஏ.ஐ. வந்து இந்தத் தொழிலையே அழித்துவிடும் என்று உங்கள் மச்சினர் சொன்னதாகச் சொன்னீர்கள். பாதி உண்மை. வி.எஃப்.எக்ஸில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் கொடுக்கிற வேலை ரோட்டோ. ஆளின் உருவத்தைப் பின்னணியிலிருந்து ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து பிரித்தெடுப்பது. ஏ.ஐ. கருவிகள் முதலில் தின்கிற வேலையும் அதுதான். அதனால்தான் அந்த ஒரு வேலைக்கே பிள்ளைகளைத் தயாரிக்கிற கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டாம் என்கிறேன். ஆனால் இதே கருவிகள் தம்பிக்கு உதவியும் செய்யும். 2022-ல் வெளிவந்த விஸ்பர் என்ற மென்பொருள் பேச்சைக் கேட்டுத் தமிழில் எழுத்தாக்கித் தரும். ஒரு மணி நேரப் பேட்டியைக் கையால் எழுதுகிற பாடு குறையும். மதுரைப் பேச்சில் அங்கங்கே தடுக்கி விழும், கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும். அப்படித் திருத்தியதிலிருந்து ஆங்கில சப்டைட்டில் போட்டால் வெளிமாநில மாணவர் விழாக்களுக்கும் படத்தை அனுப்பலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு வைப்பேன்: உண்மை மனிதர்களைப் பற்றிய ஆவணப்படத்தில் ஏ.ஐ. உருவாக்கிய முகமோ குரலோ நுழையக்கூடாது. அந்தப் பொம்மைக்காரர் நம்பிக்கையோடு வீட்டுக்குள் விட்டிருக்கிறார், அவர் சொல்லாததை அவர் வாயில் போடக்கூடாது. படம் பிடிக்கவும் வெளியிடவும் சம்மதம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அனுமதி விஷயத்தில் பிள்ளைகள் அசட்டையாக இருப்பார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கே 2018 முதல் தடை. கீழக்குயில்குடி சமணர் மலை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது, ஸ்டாண்டும் கையுமாகப் போய் இறங்க முடியாது. ட்ரோன் என்றால் 2021 விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் இடத்தைப் பார்க்காமல் ஏற்றக்கூடாது. விமான நிலையம் தெற்கே பக்கத்திலேயே இருப்பதால் திருப்பரங்குன்றம் பக்கம் கூடுதல் கவனம் வேண்டும்.

படிப்புக்குப் பின் என்ன என்பது உங்கள் உண்மையான கவலை. பட்டம் முடித்ததும் புனே எஃப்.டி.ஐ.ஐ., கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம் என்ற திரைப்படப் பயிற்சி நிறுவனங்கள் இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுதலாம். இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்புக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் போதும். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது, தங்கை பையன் பத்தாவது படிக்கிறான் என்றீர்களே, அவனுக்கு ஆகும். வேலைக்கே போவதென்றாலும் எடுத்த எடுப்பில் கோடம்பாக்கம் போக வேண்டியதில்லை. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் கல்விப் படங்கள் தயாரிக்கிற பல்லூடக மையம் இருக்கிறது, அங்கே விடுமுறைப் பயிற்சி கிடைக்குமா என்று கல்லூரி மூலம் கேட்கட்டும். பொம்மையை முப்பரிமாணத்தில் எழுப்பத் தெரிந்தவருக்கு அருங்காட்சியகப் பக்கமும் வேலை உண்டு. நம் வாசலிலேயே கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்திருக்கிறார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களை மட்டமாகப் பேசாதீர்கள். இரண்டு நாள் விசேஷத்தை ஒரு ஷாட்டும் தவறாமல் எடுத்து, சொன்ன தேதியில் கொடுக்கிற பழக்கம் அங்கே வரும்.

எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் முன் இருக்கிறார் என்று எண்ணாதீர்கள் ஐயா. படம் முடிகிறதா என்று மட்டும் கேளுங்கள். நான்கு பேரில் அவர் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று கேளுங்கள். "எல்லாம் நாங்கதான்" என்று பதில் வந்தால், ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன தகராறு வந்தது, ஏன் என்று நினைத்தார், எதை மாற்றினார், சரியானதா என்று அன்றன்றைக்கு நாலு வரி எழுதட்டும். நேர்முகத்தில் தான் செய்த வேலைகளிலிருந்து தொகுத்த இரண்டு நிமிட ஷோரீலைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்பது "இந்த ஷாட்டை எப்படிச் செய்தாய்" என்றுதான். இந்த நோட்டு இருக்கிறவருக்கு அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கும்.

நவராத்திரிக்கு முன் படத்தை முடித்து, விளாச்சேரியிலேயே ஒரு வீட்டுச் சுவரில் அந்தக் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தம்பியை என்னிடம் அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் கடையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கூட வாருங்கள். படம், அந்த நோட்டு, கல்லூரி மதிப்பெண் பட்டியல் மூன்றையும் எடுத்து வரட்டும். எந்தப் பக்கம் போவது, நுழைவுத் தேர்வுக்கு எப்போது உட்காருவது, கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமானால் எது என்பதை அவற்றை வைத்துக்கொண்டு மூவரும் பேசுவோம்.