ரெண்டர் படத்துக்கு எந்த அளவு? 360 பாகைக் காட்சி எப்போது தேவை?

வீட்டு உள் அலங்கார வடிவமைப்பை ரெண்டர் செய்யும்போது, அதாவது கணினியில் நிஜம்போன்ற படமாக உருவாக்கும்போது, படத்தின் அளவை எப்படி முடிவு செய்வது, சுற்றிலும் திருப்பிப் பார்க்கிற 360 பாகைப் படமான பனோரமா அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் இதுவே என் தொழில். படத்தை எதில் பார்க்கப் போகிறார்கள் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன்.

கைப்பேசியில் பார்த்து ஒப்புதல் தருகிறவருக்கு 1920×1080 தாராளம். நிறமும் வெளிச்சமும் முடிவாகும்வரை அதையும் 960×540 ஆகக் குறைத்துச் சோதியுங்கள். பிக்சல்கள் கால்வாசியாகும், நேரமும் ஏறக்குறைய அப்படியே குறையும். ஏ3 தாளில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் அச்சிட வேண்டுமென்றால் 4961×3508 தேவை. பிக்சல் கணக்கில் அது 1920×1080 படத்தைப் போல எட்டு மடங்குக்கும் மேல். இருபது நிமிடத்தில் முடிந்த படம் மூன்று மணி நேரத்தை நெருங்கிவிடும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 150 டிபிஐ போதும்.

அளவைவிட என்னை அதிகம் உறுத்துவது மென்பொருள் கேமராவின் லென்ஸ். அதன் மி.மீ. எண் குறையக் குறையப் படத்தில் அதிக இடம் அடங்கும், அறையும் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். எட்டடிக்கு ஏழடிச் சமையலறை ஒன்றை, எல்லாம் தெரியட்டும் என்று 15 மி.மீ. லென்ஸில் காட்டினேன். வேலை முடிந்து உள்ளே நின்ற அந்த அம்மா, "படத்தில் இன்னும் பெரிதாக இருந்ததே தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை. அன்றிலிருந்து 24 மி.மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. இடம் குறுகலாக இருந்தால் படத்தை நெட்டுவாக்கில் 4:5 விகிதத்தில் எடுக்கிறேன்.

அப்படியும் அடங்காத அறைக்குத்தான் பனோரமா. சுற்றிலும் 360 பாகை, மேலும் கீழுமாக 180 பாகை என்பதால் படம் 2:1 விகிதத்தில் இருக்க வேண்டும். பலர் 4096×2048 பெரிய அளவு என்று நினைத்து ஏமாறுகிறார்கள். பார்ப்பவர் கண்முன் ஒரு நேரத்தில் 90 பாகை தெரிகிறது என்று வையுங்கள். அகலத்தில் கால்பங்கு, அதாவது 1024 பிக்சல்தான் கிடைக்கும். கிரானைட்டின் புள்ளிகளும் மரத்தின் ரேகையும் குழைந்துபோகும். நான் 6000×3000க்குக் குறைவாகக் கொடுப்பதில்லை. கணினி தாங்கினால் 8192×4096.

கேமராவை மூலையில் வைக்காதீர்கள். ஆள் உண்மையில் நிற்கிற இடத்தில், ஐந்தடி உயரத்தில், அலமாரிகளிலிருந்து மூன்றடியாவது விலக்கி வையுங்கள். கிட்டத்தில் இருக்கும் அலமாரிக் கதவு திரையையே அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணப் படத்துக்குக் கேமராவின் பின்னாலுள்ள சுவரைக் கணினி மாதிரியில் நீக்கிவிட்டு எடுப்போம். அந்த வழியாக வெளிச்சமும் நிறைய வந்துவிடும். பனோரமாவில் அந்தச் சுவரும் இருந்தாக வேண்டும். சுவர் வந்ததும் அறை இருண்டுபோகும். அப்போது விளக்குகளை மனம்போனபடி கூட்டாமல், ஜன்னலையும் மேல்தள விளக்குகளையும் வரைபடத்தில் உள்ளபடியே வைத்துப் பாருங்கள். உண்மையிலேயே அந்த அறைக்கு வெளிச்சம் போதவில்லை என்பது பல சமயம் அங்கேதான் தெரியவரும். மின்கம்பி வேலை தொடங்குமுன் அது தெரிந்தால் கூடுதலாக ஒரு விளக்குக்கு இடம் விடலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இல்லையென்றால் படம் சுருக்கப்பட்டுவிடும். குளியலறைக்கும் பூஜை அலமாரிக்கும் நான் பனோரமா எடுப்பதில்லை, நல்ல கோணத்தில் ஒரே ஒரு படம்தான்.