வாசகர் கேள்வி – பதில்: ஆட்டுத்தோலும் இருபிடிக் கத்தியும்

கேள்வி: பக்ரீத் சமயத்தில் கிடைக்கும் ஆட்டுத்தோலை மயிரோடு பதப்படுத்தி விரிப்பாக்க ஆசை. உள்பக்கத்துச் சதையையும் சவ்வையும் வழிக்க எந்தக் கத்தி வாங்குவது? வீட்டில் இருக்கும் கறிக்கத்தி போதாதா?
– கீழக்கரை வாசகர்

பதில்: போதாது. கறிக்கத்தியின் முனை தோலைக் குத்தும். ஒரு கையால் பிடிப்பதால் அழுத்தமும் ஒரே சீராக விழாது. இந்த வேலைக்கு இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்த, லேசாக வளைந்த கத்திதான் வேண்டும். ஆட்டுத்தோலுக்கு 12 முதல் 14 அங்குல அலகு தாராளம். மாட்டுத்தோலுக்கான நீளக் கத்தியை வாங்கினால் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

அலகின் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் இருக்க வேண்டும். முக்கால்வாசி வேலை மழுங்கல் பக்கத்துக்குத்தான். கொழுப்பையும் இளஞ்சவ்வையும் அதுவே தள்ளிக்கொண்டு போய்விடும். கழுத்தில் ஒட்டியிருக்கும் சிவப்புச் சதைக்கும் விலாவில் இறுகிய சவ்வுக்கும் மட்டும் கூர்ப்பக்கத்தைத் திருப்புங்கள்.

கடையில் கிடைக்காவிட்டால் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்துக் கொல்லுப்பட்டறையில் அடிக்கச் சொல்லலாம். மூன்று விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலகின் நான்கு மூலைகளையும் உருட்டிவிட வேண்டும். மழுங்கல் விளிம்பு ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பிசிறில்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். கூர்ப்பக்கத்தைச் சவரக்கத்தி போலத் தீட்டவே கூடாது. பட்டறைக்காரர் நல்லெண்ணத்தில் மெல்லிசாகத் தீட்டிக் கொடுத்துவிடுவார், தோல் கிழிந்துபோகும்.

கேள்வி: எவ்வளவு கவனமாக வழித்தாலும் ஓட்டை விழுகிறது. கூர் அதிகமா?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: கத்தியைப் பார்க்கும் முன் தோலுக்கு அடியில் பாருங்கள். பெரும்பாலான ஓட்டைகளுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. நம் பக்கத்து ஆடுகள் சீமைக்கருவேலங்காட்டில் மேய்பவை. மயிருக்குள் ஒரு முள்ளோ சாணிக்கட்டியோ சிக்கியிருந்தால் அந்த இடம் மேடாகிவிடும், கத்தி அந்த மேட்டைச் சீவிவிடும். வழிப்பதற்கு முன் மயிரை அலசிச் சீப்பால் வாருங்கள்.

அடுத்தது, தோலை விரித்து வழிக்கும் கட்டை. பனங்கட்டையும் தென்னங்கட்டையும் வேண்டாம், சிலாம்பு கிளம்பித் தோலைக் குத்தும். கணு இல்லாத பூவரசுக் கட்டை நல்லது. அல்லது ஒரு கட்டையின் மேல் 6 அங்குல பிவிசி குழாயைச் செருகிக்கொள்ளலாம், அதைவிட வழவழப்பு வேறெதிலும் வராது. கட்டையைச் சாய்த்து, மேல்முனை உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரும்படி நிறுத்துங்கள். தோலின் ஓரத்தைக் கட்டை முனைக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கத்தியை உங்களை விட்டு வெளியே தள்ள வேண்டும். ரப்பர் மேலங்கி இல்லாமல் நிற்காதீர்கள்.

கழுத்திலிருந்து வாலை நோக்கியும், முதுகுத்தண்டிலிருந்து இரு ஓரங்களுக்கும் தள்ளுங்கள். மழுங்கல் பக்கத்தை நிமிர்த்திப் பிடிக்கலாம். கூர்ப்பக்கத்தைத் தோலோடு ஒட்டப் படுக்க வைக்க வேண்டும். தோல் மடிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், மடிப்பின் மேல் கத்தி ஏறினால் வெட்டுத்தான். அக்குள், தொடையிடுக்கு, காம்பைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் தோல் மெல்லிசு, அங்கே கூர் படவே கூடாது. வழித்த இடத்தில் புள்ளி புள்ளியாக மயிர்க்கால் தெரிந்தால் ஆழம் மீறிவிட்டது. அங்கே மயிர் உதிரும், அதைத் திருத்த வழியில்லை.

வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்குங்கள். சூட்டில் கொழுப்பு இளகிக் கத்தியில் வழுக்கும், மயிரிலும் அப்பிக்கொள்ளும். செம்மறித்தோலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

கேள்வி: உப்புப் போட்ட பிறகு வழிக்கலாமா? உப்பளத்து உப்பு ஆகுமா? கடல்தண்ணீரில் அலசலாமா?
– மண்டபம் வாசகர்

பதில்: முதலில் வழியுங்கள், பிறகு உப்பு. சதை ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு தோலுக்குள் இறங்காது. அடியில் அழுகல் தொடங்கி மயிர் கழன்றுவிடும். நம் வெக்கைக்கு, உரித்த சில மணி நேரத்துக்குள் இரண்டு வேலையும் முடிந்தாக வேண்டும்.

தோலின் எடையில் பாதி உப்பு. 2 கிலோ தோலுக்கு 1 கிலோ. உப்பளத்துக் கல் உப்பை அப்படியே போட்டால் சமமாகப் படியாது, இடித்துப் பொடியாக்குங்கள். உள்பக்கம் முழுக்க, குறிப்பாக ஓரச் சுருட்டல்களுக்குள், தேய்த்து, நீர் வடியச் சாய்வாக விரியுங்கள். மறுநாள் ஊறிய உப்பை உதறிக் கொட்டிவிட்டுப் புது உப்பு போடுங்கள்.

உதறிய உப்பைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். கருவாடு சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வகை நுண்ணுயிர் உப்பிட்ட தோலையும் சிவக்க வைத்துக் கெடுக்கும். அது கடலுப்பிலேயே வாழ்வது, உப்பைக் கூட்டினால் சாகாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பெருகும். அதனால் தோலைக் குவித்து வைக்காமல் நிழலில், காற்றோட்டமாக வையுங்கள்.

கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்தான், தோலைக் காக்க அது பற்றாது. நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு, உப்பிட்ட தோலைப் பதப்படுத்துவதற்கு முன் ஊறவைத்து எடுக்கும்போது மிச்சச் சவ்வு விறைப்பாக எழும்பி நிற்கும், இரண்டாம் முறை வழிக்க அதுவே சரியான நேரம்.

கேள்வி: கத்தி இரண்டே நாளில் துருப்பிடிக்கிறது. அதனால் தோலுக்குக் கெடுதல் உண்டா?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: உண்டு. பதப்படுத்த ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் போட்டதும், துரு பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மைதான். ஆவாரஞ்சாற்றுக்கு இரும்பு வாளியும் ஆகாது, பிளாஸ்டிக் தொட்டி வையுங்கள். கத்தியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால் உப்புக்காற்றைத் தாங்கும். பராமரிக்க நேரமில்லாதவர்கள் எவர்சில்வர் அலகே வாங்கலாம்.

கேள்வி: காட்டு முயல் தோலில் பழகலாமா?
– திருப்புல்லாணி வாசகர்

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆட்டுத்தோலிலேயே பழகுங்கள்.

கேள்வி: திடீரென்று செத்துப்போன ஆட்டின் தோலை எடுக்கலாமா?
– சாயல்குடி வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுப்பு ரத்தம் கசிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோல் வழியாக அது மனிதருக்கும் தொற்றும், உயிரையும் பறிக்கும். உடலை அறுக்காமல், உரிக்காமல், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். நல்ல ஆட்டின் தோலை வழிக்கும்போதும் ரப்பர் கையுறை போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை இந்த வேலையைத் தொடாதீர்கள்.