வேலையை முடித்தாலும் "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால்

குழுத் தலைவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் நேரத்துக்கு முடித்துக் கொடுத்தும் அவர் தினமும் வந்து விசாரிக்கிறார், நம்பிக்கை இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையில் குறை இருந்தால் திருத்தம்தான் வந்திருக்கும், விசாரிப்பு அல்ல.

பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்: வேலையை வாங்கும்போது "சரி" என்கிறீர்கள், அப்புறம் முடியும்வரை சத்தமே இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் கேட்கிறார். சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது.

கடந்த வாரச் செய்திகளைத் திறந்து பாருங்கள். அவர் விசாரித்த ஒவ்வொரு முறையும், அதற்கு முன் நீங்கள் கடைசியாக எழுதியது எப்போது? இடைவெளி பெரிதாக இருந்தால் அடுத்த இரண்டு வாரம் இதைச் செய்யுங்கள்:

1. பாதி வழியில் ஒரு வரி: "முதல் பகுதி முடிந்தது, விற்பனை விவரம் இன்னும் வரவில்லை, வியாழன் மாலை தருகிறேன்."

2. தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொல்வது. கெடு நாளன்று சொன்னால் அவரால் எதையும் மாற்ற முடியாது. பலரும் எப்படியாவது முடித்துவிடலாம் என்று கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொன்று, அவர் எல்லோரையும் இப்படித்தான் குடைகிறாரா என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அது அவர் சுபாவம். எந்த நேரத்தில் தகவல் வேண்டும் என்று நேராகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மணிக்கொரு முறை எழுதவும் வேண்டாம், அதைப் படிப்பதே அவருக்கு இன்னொரு வேலையாகிவிடும்.