சினிமால வர்ற கற்பனை ஃபைட்டர் ஜெட் நிஜத்துல பறக்குமா?

வடிவம் பெரும்பாலும் பறக்கும், உள்ள இருக்க வேண்டியதுக்குத்தான் இடமே இருக்காது. முன்பக்கமா சாய்ஞ்ச இறக்கைய எடுத்துக்கோங்க, அது வெறும் கற்பனை இல்ல, அமெரிக்காவோட எக்ஸ்-29 1984லயே பறந்துச்சு, ரஷ்யாவோட சுகோய் எஸ்யு-47 1997ல. சிக்கல் என்னன்னா வேகம் கூடக்கூட காத்து அந்த இறக்கை நுனிய மேல முறுக்கும், முறுக்க முறுக்க லிஃப்ட், அதாவது இறக்கைய மேல தூக்கற விசை, இன்னும் ஏறும், ஒரு கட்டத்துல இறக்கையே பிச்சிக்கும், அதனால கார்பன் ஃபைபர் லேயர்களை அந்த முறுக்கத்தை எதிர்க்கற மாதிரி அடுக்கித்தான் கட்டுனாங்க. இதுபோக எக்ஸ்-29 தானா நிலையா பறக்காது, கம்ப்யூட்டர் செகண்டுக்கு 40 தடவை வரை கரெக்ட் பண்ணிட்டே இருக்கணும்.

எனக்கு ரொம்ப உறுத்தறது எரிபொருள்தான். அமெரிக்காவோட எஃப்-35ஏ ஃபைட்டர் ஜெட் உடம்புக்குள்ள மட்டும் 8 டன்னுக்கு மேல எரிபொருள் இருக்கு, அதான் அது அவ்ளோ குண்டா தெரியுது, சினிமா ஜெட் ஊசி மாதிரி ஒல்லியா இருந்துக்கிட்டு கண்டம் விட்டு கண்டம் போகுது! அப்புறம் ஸ்டெல்த், அதாவது ரேடார்ல லேசுல சிக்காத ஜெட்னு சொல்லிட்டு இறக்கைக்கு அடியில ஏவுகணைய தொங்கவிடறாங்க, ரேடார் அலை அதுல பட்டு நேரா திரும்பிடும், அமெரிக்காவோட இன்னொரு ஃபைட்டர் எஃப்-22 ஸ்டெல்த்தா போகும்போது எல்லாத்தையும் வயித்துக்குள்ள மூடி வைக்கறது அதனாலதான்.