வாசகர் கேள்வி: பேச்சுத் தொழில்நுட்ப ஆய்வு

கேள்வி: மின்னணுவியல் இறுதியாண்டு படிக்கிறேன். பேச்சறிதலில் (பேச்சைக் கணினி எழுத்தாக்குவது) முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியராக ஆசை. எல்லாவற்றையும் நியூரல் நெட்வொர்க்கே (தரவிலிருந்து தானே கற்கும் கணினி அமைப்பு) கற்றுக்கொள்ளும் காலத்தில் சிக்னல் பிராசசிங் (ஒலி போன்ற அலைகளைக் கணக்கிட்டு அலசுவது) படிப்பது வீண் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: இல்லை. முதல் மாதத்தில் ஒரு வேலையைச் செய்து பாருங்கள். நொடிக்கு 16,000 சாம்பிள் (ஒலி அலையை அளந்த எண்) உள்ள ஒலிக்கோப்பை 25 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டுக்கு 400 சாம்பிள். அடுத்த துண்டு 10 மில்லிநொடி, அதாவது 160 சாம்பிள் தள்ளித் தொடங்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஃபூரியர் உருமாற்றம் செய்து (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று பிரித்து), காது உணரும் விதத்தில் அதிர்வெண்களை அடுக்கும் மெல் அளவுகோலில் 40 ஃபில்டர்களாகத் தொகுத்து லாக் (மடக்கை) எடுங்கள். ஆயத்த நிரல் எதையும் கடன் வாங்காமல் நீங்களே எழுத வேண்டும்.

25 மில்லிநொடி எதற்கு? அந்த நேரத்துக்குள் நாக்கும் உதடும் அதிகம் நகர்ந்திருக்காது. நொடிக்கு 100 முறை அதிரும் கனத்த குரலானாலும் இரண்டரை அதிர்வு கிடைத்துவிடும். இது புரிந்தவருக்குத் தொலைபேசிச் சிக்கலும் புரியும். பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘ஸ’ ஒலியின் வலு பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அந்தப் பதிவை 16,000 சாம்பிளாக மாற்றினாலும் போன ஒலி திரும்பாது. இதை அறியாதவர்கள் நெட்வொர்க்கைத்தான் மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: முதுநிலை ஆய்வுக்காகத் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாடல் செய்தேன். சோதனையில் பிழை 6 சதவீதம்தான். புதியவர் பேசினால் பாதிச் சொற்கள் தவறுகின்றன. மாடல் சிறியதாக இருப்பதாலா?

பதில்: மாடலைத் தொடாதீர்கள். முதலில் கோப்புகளை எப்படிப் பிரித்தீர்கள் என்று பாருங்கள். மொத்தத்தையும் கலைத்துப் போட்டு 10 சதவீதத்தைச் சோதனைக்கு ஒதுக்கியிருந்தால், ஒரே ஆளின் குரல் இரண்டு பக்கமும் இருக்கும். மாடலுக்கு அந்தக் குரலும் மைக்கும் அறையும் ஏற்கெனவே பழக்கம். ஆள்வாரியாகப் பிரியுங்கள்: பயிற்சியில் வந்தவர் சோதனையில் வரக்கூடாது. எல்லாரும் ஒரே வாக்கியங்களைப் படித்திருந்தால் வாக்கியங்களையும் பிரிக்க வேண்டும். பிழை விகிதம் ஏறும். ஏறட்டும், ஆய்வேட்டில் போட வேண்டிய எண் அதுதான்.

அடுத்து, தவறிய கோப்புகளில் 100 எடுத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். இதைச் செய்யச் சோம்பும் ஆய்வாளர்கள் ஏராளம். நமக்கு வருத்தம் தரும் விஷயம் இது. பொத்தானை அழுத்தியதுமே பேசியதால் முதல் அசை வெட்டுப்பட்டிருக்கும். ஒலி உச்சம் தட்டிக் கரகரக்கும். ‘வந்துட்டிருக்கேன்’ என்று பேசியிருப்பார், எழுதியவர் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று திருத்தியிருப்பார்.

சொல்பிழை விகிதம் என்பது மாறியவை, விடுபட்டவை, கூடுதலாக வந்தவை மூன்றையும் கூட்டி, மூலச் சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. மூலத்தில் ‘வந்துவிட்டேன்’, வெளியீட்டில் ‘வந்து விட்டேன்’ என்றால் ஒரு மாற்றமும் ஒரு கூடுதலும், ஆக இரண்டு பிழை. காதுக்கோ ஒன்றுமே தவறில்லை. ஆகவே சொற்களைச் சேர்த்தெழுதும் விதியை முதலிலேயே எழுதிவைத்து எல்லாருக்கும் கொடுங்கள். சொல்லுக்குப் பதில் எழுத்தை எண்ணி இதே போல் கணக்கிடும் எழுத்துப்பிழை விகிதத்தையும் சேர்த்துத் தாருங்கள்.

கேள்வி: 50 மணி நேரப் பதிவு திரட்டப் போகிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 10 பேரிடம் தலா 5 மணி நேரம் வாங்குவதைவிட 100 பேரிடம் தலா அரை மணி வாங்குங்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேரெதிரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதும். பேச்சுக்கு முன்னும் பின்னும் அரை நொடி அமைதி விடுங்கள். நொடிக்கு 16,000 சாம்பிள், 16 பிட், ஒற்றைத் தடம், வேவ் கோப்பு: மணிக்குச் சுமார் 115 மெகாபைட்தான், சுருக்க வேண்டியதில்லை. பதிவைப் பிற ஆய்வாளர்களுக்கு வழங்கவும் சம்மதம் என்ற வரி, ஒப்புதல் படிவத்தில் முதல் நாளே இருக்க வேண்டும். பின்னால் 100 பேரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க முடியாது.

கேள்வி: நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அவரிடம் ஏற்கெனவே முடித்த மாணவர்களிடம் கேளுங்கள்: எத்தனை ஆண்டு ஆனது, நிரலையும் தரவையும் வெளியிட விட்டாரா, தவறிய சோதனையைப் பற்றிப் பேச நேரம் கொடுத்தாரா. இன்டர்ஸ்பீச், ஐகாஸ்ப் ஆகிய பேச்சு, சிக்னல் ஆய்வு மாநாடுகளில் வந்த அந்தக் குழுவின் அண்மைக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் முடிவை நீங்களே திரும்பச் செய்து பார்த்துவிட்டு, எழுந்த ஐயங்களோடு போய்ச் சந்தியுங்கள்.